எல்ஸ்இஃப் அடுக்கைக் கலைத்து அட்டவணையாக்குதல்: ஒரு போர்டிங் வீட்டுக் கரண்ட் பில்

கேள்வி: 2023 செப்டெம்பர் 9

மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில மாமாட போர்டிங் வீடு. கம்பஸ் பிள்ளைகள் இருக்கிறாங்க. மெயின் மீற்றர் ஒண்டு, அறைக்கறை சப் மீற்றர். பில்லைக் கணக்குப் பார்த்துப் பிரிக்கப் பேர்ள் எண்ட கணினி மொழியில ஒரு புரோகிராம் எழுதி வச்சிருக்கன். முழுக்க இஃப், எல்ஸ்இஃப், எல்ஸ்இஃப்: இப்படியெண்டா இது, இல்லாட்டி அப்படியெண்டா அது. யூலையில ரேட் மாறினதும் நம்பரெல்லாம் மாத்தினன். போன மாசம் 200 யூனிற். வரியைக் கழிச்சுப் பார்த்தா பில்லில 10,470 ரூபா, என்ட புரோகிராமில 9,970. எங்க பிழையெண்டு தெரியல்ல. லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யிற வளையம்) போட்டா சரி வருமெண்டு ஒரு அண்ணன் சொன்னார். எப்படிப் போடுற?

பதில்: 2023 செப்டெம்பர் 9, இரவு

தம்பி, லூப்புக்கு முதல் அந்த 500 ரூபாவைப் பிடிப்போம். 180 யூனிற்றுக்கு மேலே போகும்போது மட்டும்தான் குறைகிறதா என்று பாருங்கள். 150 யூனிற்றைப் போட்டால் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

காரணம் இது. இலங்கையின் பெப்ரவரி மின்கட்டணத்தில் 91 முதல் 180 வரைக்குமான நிலையான கட்டணம் 1,500 ரூபா, 180க்கு மேல் 2,000. யூலை 1இல் அவை 1,000, 1,500 ஆகின. எடிற்றரில் 'கண்டுபிடித்து மாற்று' கொடுக்கும்போது முதலில் 2000ஐ 1500 ஆக்கி, பிறகு 1500ஐ 1000 ஆக்கினால் என்ன நடக்கும்? இப்போதுதான் 1500 ஆன, 180க்கு மேலான கடைசி அடுக்கும் சேர்ந்து 1000 ஆகிவிடும். யூனிற் விலை 91–120, 121–180, 180க்கு மேல் என்ற மேல் அடுக்குகளில் பெப்ரவரியிலும் யூலையிலும் 50, 50, 75தான், மாறவில்லை. அதனால்தான் கண்ணுக்குப் படவில்லை.

2023 செப்டெம்பர் 10

தம்பி எழுதியிருக்கிறார், அதே பிழைதான். இனி லூப்புக்கு வருவோம்.

அவர் அனுப்பிய புரோகிராம் கோட்டில் ஒவ்வொரு எல்ஸ்இஃப்பும் தன் கீழே உள்ள அடுக்கையெல்லாம் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கிறது. 61 தொடக்கம் 90க்கான கிளையில் முதல் 60இன் கணக்கு இருக்கிறது. 91 தொடக்கம் 120க்கான கிளையில் அதே 60 மறுபடி, பிறகு 30. 180க்கு மேலான கிளையில் எல்லாமே மறுபடி. ஒரு விலை நான்கு இடத்தில் கிடக்கிறது. நான்கையும் தேடி மாற்றுகிற வேலையை மனிதன் கையில் விட்டால் ஒரு நாள் ஒன்று தப்பும்.

பில்லின் பின்பக்கத்தில் கட்டணம் எப்படி அச்சாகிறதோ அந்த வடிவிலேயே கோட்டில் வையுங்கள். ஒரு வரியில் மூன்று எண்கள்: அடுக்கின் அகலம் (அதில் அடங்கும் யூனிற்), யூனிற் விலை, நிலையான கட்டணம். யூலைக் கட்டணம் இப்படி வரும், 60 யூனிற் வரைக்கும் ஒன்று, 60ஐத் தாண்டினால் மற்றது:

@குறைந்த = (
[ 30, 10, 150 ],
[ 30, 25, 300 ],
);

@கூடிய = (
[ 60, 32, 0 ],
[ 30, 35, 400 ],
[ 30, 50, 1000 ],
[ 60, 50, 1000 ],
[ 9**9**9, 75, 1500 ],
);

மாறிகளின் (மதிப்பை வைக்கும் பெட்டிகளின்) பெயர் தமிழில் இருக்கலாம். கோப்பின் தலையில் யூஸ் யூடிஎஃப்8 (use utf8;) என்று ஒரு வரி இருந்தால் பேர்ள் அதை ஏற்றுக்கொள்ளும். கடைசி வரியின் 9**9**9 (9இன் அடுக்கு 9இன் அடுக்கு 9) பேர்ள்காரர்களின் பழைய வழக்கம். அந்த எண் கொள்ளாமல் முடிவிலி ஆகிவிடும். எல்லையில்லாத கடைசி அடுக்குக்குத் தனி இஃப் வேண்டியதில்லை.

லூப் செய்யும் வேலை சின்னது. மிச்ச யூனிற் என்று ஒரு மாறி. ஒவ்வொரு வரியாகப் போ. மிச்சமில்லாவிட்டால் லாஸ்ற் போட்டு வெளியே வா. மிச்சத்திலும் அகலத்திலும் எது சின்னதோ அதை எடு, விலையால் பெருக்கிக் கூட்டு, மிச்சத்தில் கழி. நிலையான கட்டணத்தை மட்டும் கூட்டக் கூடாது. வரிக்கு வரி மேலெழுதிக்கொண்டு போ. கடைசியாகத் தொட்ட அடுக்கினுடையதுதான் பில்லில் வருவது.

200ஐப் போட்டுப் பாருங்கள். 1,920, பிறகு 1,050, 1,500, 3,000, 1,500. கூட்டினால் 8,970. நிலையானது 1,500. மொத்தம் 10,470.

2023 செப்டெம்பர் 10, பின்னேரம்

ஏன் இரண்டு அட்டவணை என்று தம்பி கேட்கிறார், ஒன்றில் அடக்க முடியாதா என்று. முடியாது, முயலவும் வேண்டாம். 60ஐத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு விலை. 60 யூனிற் எரித்தால் 1,350 ரூபா, 61 எரித்தால் 2,355. ஒரே ஒரு யூனிற்றுக்கு 1,005 ரூபா துள்ளுகிறது. மாசக் கடைசியில் எங்கட வீடுகளில் மீற்றரை எட்டிப் பார்த்துவிட்டு அயன் பண்ணுவதைத் தள்ளிப்போடுவது இதற்காகத்தான்.

இது விலைகளில் உள்ள வித்தியாசம் அல்ல, விதியில் உள்ளது. 60க்கு மேலா கீழா என்று கேட்கிற அந்த ஒரு இஃப் லூப்புக்கு வெளியே அப்படியே இருக்கட்டும்.

2023 செப்டெம்பர் 12

காத்தான்குடியிலிருந்து ஒரு தோழர் ஹாஷ் (சாவியைக் கொடுத்தால் அதன் மதிப்பைத் தரும் பெட்டி) போட்டால் இன்னும் அழகு என்கிறார், 60 என்ற சாவிக்கு 32 என்று. இந்த இடத்தில் வேண்டாம். ஹாஷுக்கு வரிசை கிடையாது. அதுவும் பேர்ளின் 5.18 பதிப்பிலிருந்து ஒவ்வொரு முறை ஓடும்போதும் வேறு ஒழுங்கில் சாவிகள் வரும். நமது லூப்போ கீழ் அடுக்கிலிருந்து மேலே ஏறியே ஆக வேண்டும். சாவிகளை எண் வரிசைப்படுத்தி எடுக்கலாம், ஓம். ஆனால் வரிசை முக்கியமான பண்டத்தை வரிசையில்லாத பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு வரிசைப்படுத்துவது என்னத்துக்கு? தவிர, 30 அகலமுள்ள அடுக்கு இரண்டு இருக்கின்றன. அகலத்தைச் சாவியாக்கினால் இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடும், பேர்ள் ஒரு எச்சரிக்கையும் தராது.

மேலே போட்டது மாதிரி அணிக்குள் அணி (வரிசையான பட்டியலுக்குள் பட்டியல்) போதும்.

2023 செப்டெம்பர் 16

தம்பி பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதியதைப் போடப் போகிறாராம். பொறுங்கள். பழையதை ஒரு சப்பாக (பெயர் சொல்லிக் கூப்பிடும் தனித் துண்டாக) வைத்துக்கொள்ளுங்கள், புதியதை இன்னொரு சப்பாக. 1 முதல் 400 வரை ஒவ்வொரு யூனிற்றையும் இரண்டுக்கும் கொடுத்து, விடை ஒத்துவராத இடத்தை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். ஒரு சொடுக்கில் முடிகிற வேலை.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. லூப் அழகாக இருக்கிறது என்பதற்காக விடை சரியென்று ஆகாது. நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கை இப்படி ஒருவர் திருத்தி எழுதினார். கோடு பத்தில் ஒன்றாகச் சுருங்கியது, எல்லாருக்கும் சந்தோசம். பழைய கோட்டில் ஒரு மூலையில் கிடந்த விதிவிலக்கு புதியதில் இல்லை என்று சம்பள நாளன்று ஆட்கள் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஒத்துவராத இடத்தில் எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லவும் கூடாது. பேப்பரில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். பழைய பில் இருந்தால் அதோடும் பாருங்கள்.

2023 செப்டெம்பர் 17

ஒப்பீட்டில் இரண்டு இடம் வந்திருக்கிறது. 180க்கு மேல் எல்லாம், அது தெரிந்ததே. மற்றது சரியாக 90 யூனிற். பழைய கோட்டில் 90ஐவிடச் சிறியது என்று இருந்தது, 90ஐயும் சேர்த்து என்று இருக்க வேண்டும். 90 யூனிற்றுக்கு 400 வர வேண்டிய நிலையான கட்டணம் 1,000 ஆக வந்திருக்கிறது. சரியாக 90இல் ஒரு மாசம் முடியாதவரை இது வெளியே தெரியாது. அகலத்தை வைத்துக் கழித்துக்கொண்டு போகிற லூப்பில் இந்த வகைப் பிழைக்கு இடமே இல்லை. எல்லைக் குறி எழுதுகிற வேலையே அங்கே கிடையாது.

களுவாஞ்சிக்குடியில் கணினி படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் நல்ல இடத்தைக் காட்டினார்: 0 யூனிற். லீவில் எல்லாரும் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தாலும் 150 ரூபா நிலையான கட்டணம் உண்டு. லூப் முதல் வரியிலேயே வெளியே வந்தால் அது 0 ஆகிவிடும். முதல் வரியின் நிலையான கட்டணத்தை எடுத்து வைத்துக்கொண்டு லூப்பைத் தொடங்குங்கள். ஆசிரியைக்கு நன்றி.

2023 செப்டெம்பர் 24

தம்பி 91–120, 121–180 இரண்டையும் ஒன்றாக்கி 90 அகலத்தில் ஒரு வரி போட்டிருக்கிறார். விலையும் ஒன்று, நிலையானதும் ஒன்று, எதற்கு இரண்டு வரி என்று.

பிரித்து வையுங்கள் தம்பி. இன்றைக்கு ஒன்றாக இருப்பது தற்செயல். 2014 செப்டெம்பரிலிருந்து 2022 ஓகஸ்ட் வரை இருந்த கட்டணத்தில் 91–120க்கு 27.75 ரூபா, 121–180க்கு 32 ரூபா. நாளைக்கு மறுபடி பிரியலாம். கட்டணத்தை வெளியிடுகிறவர்கள் இரண்டு வரியாகவே இன்றும் அச்சிடுகிறார்கள். அவர்களுடைய அட்டவணையும் உங்களுடையதும் வரிக்கு வரி பொருந்தினால், அடுத்த முறை பார்த்துத் தட்டெழுதுவதோடு வேலை முடிந்தது. மதியம் சோறு போடுகிற இடைவெளியில் மாமாவே செய்துவிடலாம்.

ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால் அது திரும்பச் சொல்லுதல் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒரே காரணத்துக்காக மாறுமா என்று கேளுங்கள். நான்கு கிளையில் கிடந்த அந்த 32 ஒரே காரணத்துக்காக மாறும், அதை ஒன்றாக்கினோம். இந்த இரண்டு 50உம் அப்படியல்ல.

2023 செப்டெம்பர் 30

பழைய கட்டணத்தைப் பற்றி எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சரி பார்க்க 2014 கட்டணத்தையும் ஒரு அட்டவணையாகப் போட்டுப் பார்க்கலாம்: குறைந்ததில் 2.50, 4.85, நிலையானது 30, 60. கூடியதில் 7.85, 10, 27.75, 32, 45, நிலையானது 0, 90, 480, 480, 540. 60 யூனிற்றுக்கு 280 ரூபா 50 சதம், 61க்கு 571 ரூபா வர வேண்டும். லூப்பில் ஒரு எழுத்தும் மாற்றாமல் இந்த விடை வந்தால் லூப்பை நம்பலாம்.

இங்கே தசமம் வருகிறது. ரூபாவைச் சதமாக்கி முழு எண்ணாகவே அட்டவணையில் எழுதுங்கள், 4.85 என்று எழுதிவிட்டு 100ஆல் பெருக்கி முழு எண்ணாக்க வேண்டாம். பேர்ள்ல 4.85ஐ 100ஆல் பெருக்கி இன்ற் போட்டால் 484 வரும். 4.85 கணினிக்குள் துளி குறைவாகவே பதியும், இன்ற் மிச்சத்தை வெட்டிவிடும். அட்டவணையில் நேரே 485. மேலே நான் எழுதிய யூலை அட்டவணையையும் சதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 3200, 3500, 40000 என்று. அச்சிடும் இடத்தில் மட்டும் 100ஆல் வகுக்கலாம்.

2023 ஒக்டோபர் 3

நாட்கணக்கு. இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள்.

மீற்றர் வாசிக்கிறவர் எல்லா மாசமும் 30ஆம் நாள் வருவதில்லை. 33 நாள் கழித்து வந்தால் அடுக்கின் எல்லையும் அந்த விகிதத்தில் விரியும். 30 என்பது 33 ஆகும், 60 என்பது 66 ஆகும். 33 நாளில் 62 யூனிற் எரித்த வீடு இன்னும் குறைந்த கட்டணத்தில்தான் இருக்கிறது: 33ஐப் 10ஆல், 29ஐ 25ஆல், ஆக 1,055 ரூபா. இதை 30 நாள் என்று எடுத்தால் கூடிய கட்டணத்துக்குப் போய் 1,990 காட்டும். இரண்டிலும் நிலையான கட்டணத்தைச் சேர்க்கவில்லை.

எல்ஸ்இஃப் கோட்டில் இதைச் சேர்ப்பதென்றால் எத்தனை இடம்! லூப்பில் ஒரே இடம்தான், அகலத்தை நாளால் பெருக்கி 30ஆல் வகுக்கிற வரி. வெளியே நிற்கும் 60 என்ற இஃப்புக்கும் அதே பெருக்கல். அட்டவணையைத் தொட வேண்டியதில்லை. முடிவிலியை எத்தனை நாளால் பெருக்கினாலும் முடிவிலிதான்.

அகலமெல்லாம் 30 அல்லது 60 என்பதால் எத்தனை நாளானாலும் எல்லை முழு எண்ணாகவே வரும். நாளுக்கு 1 யூனிற், நாளுக்கு 2 யூனிற். அட்டவணையில் 30, 60க்குப் பதில் 1, 2 என்று எழுதி வகுத்தலையும் ஒழிக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம். பில்லில் அச்சாகும் எண்ணே அட்டவணையில் இருப்பதுதான் பெரிய இலாபம்.

2023 ஒக்டோபர் 8

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி. வாப்பாவின் நெல் ஆலையில் கொள்வனவுச் சிட்டை எழுதுகிற புரோகிராம், அதிலும் எல்ஸ்இஃப் மலை: நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று நெல் வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஈரப்பதன் பார்த்து எடை கழிக்கிற கணக்கு. அங்கே விலைகளுக்கு ஹாஷ் சரியாகவே பொருந்தும், நெல் வகைக்கு வரிசை தேவையில்லை. வகையின் பெயரைக் கொடுத்தால் விலை வர வேண்டும், அவ்வளவுதான். எக்ஸிஸ்ற்ஸ் போட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, அட்டவணையில் இல்லாத வகை வந்தால் புரோகிராமை நிறுத்துங்கள். எழுத்துப் பிழையான சம்பாவுக்கு வெறுமை விலை வந்து 0 ரூபாவில் சிட்டை அடித்தால், வெயிலில் உழவு மெசினோடு நிற்கிற கமக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

வகைக்கு வகை கணக்கே வேறு என்றால் ஹாஷின் மதிப்பாக எண்ணுக்குப் பதில் ஒரு சப்பின் சுட்டியை வைக்கலாம். ஆனால் தங்கச்சி அனுப்பியதைப் பார்த்தால் மூன்று வகைக்கும் கணக்கு ஒன்று, எண்தான் வேறு. எண்ணை மட்டும் வையுங்கள். ஈரம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நெல் சந்தைப்படுத்தும் சபையின் அளவு. உங்கள் ஆலை அதற்கு மேலும் வாங்குமென்றால் எத்தனைக்கு எவ்வளவு கழிவு என்பதை இந்தக் கரண்ட் அடுக்கு மாதிரியே அணியில் வையுங்கள், வரிசை வேண்டும். நெல்லைத் திருப்பி அனுப்புகிற முடிவு ஒரு தனி இஃப். அது அட்டவணைக்குள் போகக் கூடாது. படிக்கிறவர் கண்ணில் முதலில் பட வேண்டியது அதுதான்.

கிவன், வென் என்ற பேர்ள் கட்டளைகளைப் பற்றிக் கேட்டிருந்தார். பேர்ள் 5.10இல் வந்தது, 5.18இல் சோதனை நிலைக்குத் தள்ளினார்கள். புதுக் கோட்டில் சேர்க்காதீர்கள். எல்ஸ்இஃப்பை வென் ஆக்கினால் எழுத்து மாறும், அதே எண் பல இடத்தில் கிடப்பது மாறாது.

2023 ஒக்டோபர் 21

நேற்றிலிருந்து கட்டணம் மறுபடி ஏறிவிட்டது, சராசரி 18 சதவீதமாம். 2014இலிருந்து 2022 வரை ஒரே கட்டணத்தில் இருந்த நாடு, ஓகஸ்ட், பெப்ரவரி, யூலை, இப்போது ஒக்டோபர். ஒவ்வொன்றுக்கும் எல்ஸ்இஃப் மலையை உடைத்துத் திருத்துகிறவர்கள் பாவம்.

தம்பி, யூலை அட்டவணையை அழித்து எழுத வேண்டாம். அட்டவணைகளின் அட்டவணையாக்குங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அது தொடங்கும் திகதி: '2023-07-01', '2023-10-20'. ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில், ஒற்றை இலக்கத்துக்கு முன்னே 0 போட்டு எழுதினால் திகதிகளை வெறும் எழுத்தாகவே ஒப்பிடலாம், எந்த மொடியூலும் தேவையில்லை. பில்லின் திகதியைத் தாண்டாத ஆகப் பிந்திய அட்டவணையை எடுக்க வேண்டும். பழையது கையில் இருந்தால் யாராவது பிள்ளை ஓகஸ்ட் பில்லைப் பற்றிக் கேட்டாலும் அதே புரோகிராம் பதில் சொல்லும்.

2023 நவம்பர் 6

மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

தம்பியின் வாசிப்பு ஒக்டோபர் 5, அடுத்தது நவம்பர் 4. 30 நாளில் முதல் 15 பழைய கட்டணத்தில், மறுகா 15 புதியதில். முழு 30 நாளையும் பழையதில் ஒரு தரம், புதியதில் ஒரு தரம் கணக்கிட்டு, நாளின் விகிதத்தில் சேருங்கள். யூனிற்றைப் பாதியாக்கி எல்லையையும் நிலையான கட்டணத்தையும் பாதியாக்கித் தனித்தனியே போட்டாலும் அதே விடைதான் வரும், ஆனால் முதல் வழியில் சப்பை இரண்டு தரம் கூப்பிடுவதோடு முடிந்தது.

அறைக்குப் பிரிப்பது. அறைக்கறை அடுக்குக் கணக்குப் போடாதீர்கள். 40 யூனிற் எரித்த அறைக்குத் தனி மீற்றர் இருந்திருந்தால் யூலைக் கட்டணத்தில் 850 ரூபாதான். அப்படி ஐந்து அறை என்றால் 4,250. மெயின் பில்லோ 10,470. மிச்சத்தை யார் கட்டுவது? ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்து எரித்ததால் வந்த விலை அது, எல்லாரும் எரித்த அளவுக்குச் சுமக்க வேண்டும். 10,470ஐ 200ஆல் வகுத்தால் யூனிற்றுக்கு 52 ரூபா 35 சதம். தண்ணி மோட்டரும் நடைபாதை லைற்றும் எரிப்பது அறை மீற்றரில் வராது, மெயினில் மட்டும் வரும். அந்த வித்தியாசத்தைப் 'பொது' என்ற பெயரில் இன்னொரு அறை மாதிரிப் பட்டியலில் போட்டு, அதன் தொகையை ஆளுக்குச் சமமாகப் பிரியுங்கள். லீவில் ஊருக்குப் போன பிள்ளை அதிலும் பங்கு தர வேண்டுமா என்பது மாமா தீர்க்க வேண்டியது. என்னைக் கேட்டால், மாசம் முழுக்க இல்லாத பிள்ளையிடம் வாங்க மாட்டேன்.

சதம் மிஞ்சுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு அறையின் பங்கையும் தனியே முழுச்சதமாக்கினால் கூட்டுத்தொகை ஒன்றிரண்டு சதம் இப்படியும் அப்படியும் போகும். அறைகளின் யூனிற்றைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இதுவரையான கூட்டுக்கு மொத்தப் பில்லில் எவ்வளவு என்று முழுச்சதத்தில் பாருங்கள், அதிலிருந்து முந்திய அறை வரையான தொகையைக் கழித்தால் இந்த அறையின் பங்கு. கடைசி அறைக்கு வரும்போது கூட்டு மொத்தப் பில்லாகவே இருக்கும், மிச்சம் நிற்காது. ஒக்டோபர் புது விலைகளைப் பில்லின் பின்பக்கம் பார்த்துத் தட்டிவிட்டு, 60, 61, 90, 180, 181 ஐந்தையும் ஓட்டிப் பார்த்து விடையைப் போடுங்கள் தம்பி.